முதல் காது

அலுவலகத்தில் அவரை முதல் காது என்றுதான் சொல்வார்கள். சம்பளச் சீட்டில் வேறொரு நீளமான பதவிப் பெயர் உண்டு. அதை அவர் மனைவியாலேயே தடுமாறாமல் சொல்ல முடியாது. துறைமுகத்தின் பின்பக்கம், ஐஸ் தொழிற்சாலைக்கும் கயிற்றுக் கிடங்குக்கும் நடுவே ஒரு மாடிக் கட்டடம். அதன் மாடியில், சுவர் முழுக்கக் கம்பளம் ஒட்டிய சின்ன அறையில், ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கடலைக் கேட்பது அவர் வேலை.

கேட்கச் சொன்னது கடற்படைக்காக. ஆண்டுதோறும் காற்று அடங்கும் பருவத்தில் அதன் கப்பல்கள் அந்தக் கடலில் சோனார் பயிற்சி எடுக்கும். தண்ணீருக்குள் பலமான ஒரு சத்தத்தை அனுப்பி, அது எதில் மோதித் திரும்புகிறது என்று கவனித்து நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்கும் பயிற்சி. கரையில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. கீழே இருக்கும் டால்பினுக்கோ படுக்கையறைக்குள் லாரி ஹாரன் அடித்த மாதிரி. சில கூட்டங்கள் பேச்சை நிறுத்திவிடும். சில, குடும்பத்தோடு இடத்தைக் காலி செய்துவிடும். அதனால் அனுமதி கொடுப்பதற்கு முன்பு, அந்தக் கடலில் என்னென்ன விலங்குகள் புழங்குகின்றன, சத்தம் போட்டால் அவற்றுக்கு எவ்வளவு பாதிப்பு என்று மதிப்பீடு எழுதியாக வேண்டும். அதை எழுதுவது இந்த அலுவலகம்.

கடலடியில் மைக்குகளை இறக்கி வைப்பார்கள். படகில் போய் எடுத்து வந்து, பதிவானதைக் கம்ப்யூட்டரில் ஓடவிடுவார்கள். சந்தேகப்படும்படியான கீச்சுகளை அது துண்டு துண்டாக வெட்டிக் கொடுக்கும். ஆனால் அது டால்பினின் சீழ்க்கையா, எண்ணெய் காணாத ஏதோ கப்பலின் அச்சா என்று சொல்லத் தெரியாது. திரையில் இரண்டும் ஒரே மாதிரிக் கோடாகத்தான் விழும். முடிவு சொல்ல மனுஷக் காது வேண்டும்.

ஒன்றல்ல, இரண்டு. முன்பு ஒரே ஆள்தான் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வருஷம் அந்த ஆள் திமிங்கிலக் கூட்டம் என்று எழுதிக் கொடுக்க, கடற்படை கப்பல்களை நிறுத்தி வைத்தது. அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த நம்மவர் அதே துண்டைக் கேட்டுவிட்டு, இது தண்ணீர் இறைக்கிற பம்பு என்றார். விசாரித்தால், மைக்குக்கு நேர் மேலே நங்கூரம் போட்டு நின்ற சரக்குப் படகின் பம்பேதான். துறைமுகம் முழுக்கச் சிரித்தது. கடற்படைக்காரர்கள் அலுவலக வாசலில் ஒரு பழைய பம்பை வைத்துவிட்டுப் போனதாகக்கூடச் சொல்வார்கள். அதிலிருந்து விதி மாறியது. இருவர் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இருவரும் உண்டு என்றால்தான் உண்டு. ஒருவர் இல்லை என்றால் அந்தத் துண்டு கணக்கில் வராது.

பம்பைக் கண்டுபிடித்தவருக்குப் பாம்புச்செவி என்று பெயர் வந்தது, கூடவே முதல் காது என்ற நாற்காலியும். இல்லை என்று சொல்லிப் புகழ் வாங்கிய மனிதர் அவர். பின்னால் நடந்ததற்கெல்லாம் இதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

காதை அவர் கண்ணைப் போலக் காத்தார். கல்யாணக் கூடத்தில் கடைசி வரிசையில்தான் உட்காருவார். பஸ் ஹாரன் அடித்தால் இரண்டு கையாலும் பொத்திக்கொள்வார். பார்க்கிறவர்கள் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துக்கொண்டால் அதற்கு அவர் பொறுப்பல்ல. மனைவி வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருந்தார். மெஷின் ஊசி மழுங்கத் தொடங்கினால் இவர் உள்ளறையிலிருந்தே குரல் கொடுப்பார்: "ஊசியை மாத்தும்மா." மாற்றினால் சரியாக இருக்கும். துணி கொடுக்க வரும் பெண்கள் இதை வேடிக்கை பார்ப்பதற்காகவே கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்பார்கள்.

இரண்டாம் காதாக இருந்தவர் அவருடைய பழைய நண்பர். ஒத்த வயது, ஒத்த காது. இருவரும் உண்டு என்றால் உண்டு, இல்லை என்றால் இல்லை. வருஷக்கணக்கில் சண்டையே வந்ததில்லை. கடைசி வருஷங்களில் இருவருக்கும் உண்டு குறைந்துகொண்டே போனது. கடல் முன்ன மாதிரி இல்லை, டால்பின் அருகிப் போச்சு என்று இருவரும் தேநீர் நேரத்தில் உண்மையாகவே வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தம் மதிப்பீட்டிலும் ஏறியது. இந்தப் பகுதியில் விலங்கு நடமாட்டம் குறைவு, எனவே பயிற்சியால் பாதிப்பும் குறைவு. பயிற்சிக்கு முன்பு எடுத்த பதிவிலும் ஒன்றுமில்லை, பின்பு எடுத்ததிலும் ஒன்றுமில்லை. வித்தியாசம் எங்கிருந்து வரும்? அனுமதி தடங்கலில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

நண்பர் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்குத் தகுதிகாண் காலத்தில் ஒரு பெண் வந்தாள். முப்பது தாண்டியவள். சினிமா டப்பிங் கூடத்தில் வசனத்துக்கு நடுவே விழும் மூச்சையும் நாற்காலிச் சத்தத்தையும் பொறுக்கி எடுத்துத் துடைக்கும் வேலையில் இருந்தவள். கூடம் மூடிவிட்டார்கள். வீட்டில் இவள் ஒருத்தியின் சம்பளம்தான். சேர்ந்த முதல் வாரத்திலேயே அவள் உண்டு என்று குறித்தவற்றில் பாதியை முதல் காது இல்லை என்று தள்ளினார். புதுசு, எல்லாமே டால்பினாகத்தான் கேட்கும் என்று மற்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

சிரிப்பு நின்றது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில். மகள் வீட்டுக்குப் போயிருந்தார். பேத்திக்குக் காய்ச்சல். மகள் குழந்தையின் அக்குளில் டிஜிட்டல் தெர்மாமீட்டரைச் செருகிவிட்டு, கூவினதும் எடுங்கப்பா என்று சொல்லிக் கஞ்சி வைக்கப் போனாள். இவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். மகள் கஞ்சியோடு திரும்பி வந்துவிட்டாள்.

"இன்னும் எடுக்கலையா?"

"கூவட்டும்மா."

"அது அடுப்படி வரைக்கும் கூவி முடிச்சாச்சுப்பா."

மகள் விளையாட்டாக அதை மறுபடி இயக்கி அவர் காதோரம் பிடித்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். குழந்தையின் முகத்தைப் பார்த்தார். இருவர் புருவமும் ஒரே நேரத்தில் தூக்கிக்கொண்டது. அவருக்குத் தெருவில் போன சைக்கிள் கேட்டது, கஞ்சி ஆற்றும் கரண்டி கேட்டது. அது மட்டும் கேட்கவில்லை. தாத்தாவுக்கு பேட்டரி தீந்துபோச்சு என்றது குழந்தை. எல்லோரும் சிரித்தார்கள். அவர் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார்.

வெட்கம் மனிதரை எங்கே அழைத்துப் போகும் என்று சொல்ல முடியாது. அவரை அது நகரத்தின் மறுகோடிக்கு அழைத்துப் போனது. இரண்டு பஸ் மாறி, ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்த காது பரிசோதனை நிலையத்தில் போய் உட்கார்ந்தார். என்ன வேலை என்று பரிசோதிக்கும் பெண் கேட்டதற்கு, பாத்திரக் கடை என்றார். அவரைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அமுக்கச் சொன்னாள்.

ஆயுள் முழுக்க இப்படிக் கூண்டில் உட்கார்ந்தவர் அவர். சத்தங்கள் எந்த இடைவெளியில் வரும், எந்த வரிசையில் மெலியும் என்பது அவருக்கு அத்துப்படி. தாழ்ந்த சத்தங்கள் கேட்டன, அமுக்கினார். சுருதி ஏற ஏற ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் கட்டைவிரல் சும்மா இருக்க மாட்டேன் என்றது. இப்போது ஒன்று வந்திருக்க வேண்டும் என்று கணக்குப் பண்ணி அமுக்கினார். இன்னொன்று. இன்னொன்று. யாரையும் ஏமாற்ற வேண்டிய அவசியமில்லாத இடத்தில், காசு கொடுத்து, தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் கதவைத் திறந்தாள்.

"ஐயா, நான் சத்தத்தை நிறுத்திட்டு ரொம்ப நேரமாச்சு. நீங்க இன்னும் அமுக்கிட்டிருக்கீங்க."

கொஞ்சம் பொறுத்து, வயசானா வர்றதுதாங்க, மேல் சுருதி முதல்ல போயிடும், பாத்திரக் கடைக்கு இது போதும் என்று ஆறுதலும் சொன்னாள். அவர் படியிறங்கும்போது, பாத்திரக் கடைக்காரனாகவே பிறந்திருக்கலாம் என்று நினைத்ததாகப் பிற்பாடு மனைவியிடம் சொன்னார்.

மறுநாளே அலுவலகத்தில் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டியது ஒரு வரி. அந்த வரியைப் பஸ்ஸில் வரும்போதெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். மாடிப்படி ஏறியதும் அது தொண்டைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான், எதற்கு இப்போது என்று தோன்றும். ஹெட்ஃபோனை மாட்டுவார். திரையில் கோடு நெளியும். காதில் தண்ணீரின் இரைச்சல் மட்டும் வரும். இல்லை என்று குறிப்பார்.

அந்தச் சமயத்தில்தான் இரண்டாம் காது அவர் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். தப்பா எடுத்துக்கக் கூடாது, ஒன்று கேட்க வேண்டும் என்றாள். கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்து அவர் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தார்.

"எனக்கு இல்லாத சத்தமெல்லாம் கேக்குது சார். டாக்டர்கிட்ட காட்டினேன், காதுல ஒரு குறையும் இல்லங்கறார். அப்ப கோளாறு மண்டையிலதானே?"

அவள் குரல் தாழ்ந்திருந்தது. திருட்டுப் பழி சுமந்தவள் மாதிரி நின்றாள். தகுதிகாண் காலம் முடியப்போகிறது, வேலை நிலைக்காது போலிருக்கிறது, வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்றாள்.

இதைவிட வாகான இடம் அவருக்குக் கிடைத்திருக்காது. கதவு சாத்தியிருந்தது; கேட்க இவள் ஒருத்திதான். அவர் சொன்னது இது:

"பழகப் பழக சரியாப் போயிடும்மா."

அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அந்த நன்றி அவரை அன்று முழுக்கத் தின்றது.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் பழக ஆரம்பித்தாள். காதில் தெளிவாக விழுந்ததையும், சார் என்ன சொல்லுவார் என்று யோசித்து, இல்லை என்று குறிக்கத் தொடங்கினாள். இருவர் குறிப்பும் ஒத்துப்போக ஆரம்பித்தது. பெண் தேறிவிட்டாள் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். நல்ல காது ஒன்றையும் அவர் தன் அளவுக்கு இறக்கிவிட்டார். முன்பு அவருக்கு மட்டும் காலியாக இருந்த கடல் இப்போது இருவருக்கும் காலியானது.

ஆனால் ஆரம்ப மாதங்களின் பிணக்கு அப்படியே பதிவில் இருந்தது. அவளை வேலையில் நிரந்தரமாக்குவதா, அனுப்புவதா என்று முடிவு செய்ய அலுவலகத் தலைவி ஒரு கூட்டம் வைத்தார். தலைவியை எல்லோரும் மேடம் என்பார்கள். எதையும் தானே பார்த்துவிட்டுத்தான் நம்புகிற ரகம். அடுத்த ஆண்டுக்கான மதிப்பீட்டின் வரைவையும் அன்றே பேசுவதாக இருந்ததால் கடற்படை அதிகாரியும் வந்திருந்தார். கெட்ட மனிதரில்லை. வரும்போதெல்லாம் ஒரு டப்பா பிஸ்கட் கொண்டுவருவார். இரண்டாம் காதைப் பார்த்து, இந்தம்மாவை எங்க கப்பலுக்கு அனுப்பிடுங்க, எதிரி வராட்டியும் வந்துட்டான்னு சொல்லி எங்களைச் சுறுசுறுப்பா வெச்சிருப்பாங்க என்று கிண்டல் பண்ணினார். அவளும் சிரிக்க முயன்றாள். முதல் காது பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காகிதத்தை வைத்து முடிவு செய்ய எனக்கு இஷ்டமில்லை என்றார் தலைவி. இவள் உண்டு என்றும் சார் இல்லை என்றும் சொன்ன சில துண்டுகளை இங்கேயே ஸ்பீக்கரில் போடுவோம், எல்லோரும் கேட்போம். மின்விசிறியை நிறுத்தினார்கள். ஜன்னலைச் சாத்தினார்கள். கம்ப்யூட்டர்காரர் மேசையின் மறுமுனையில், திரை அவர் பக்கமாக இருக்க, உட்கார்ந்திருந்தார்.

அங்கேதான் முதல் காதுக்கு ஆபத்து. தன் அறையில் என்றால் கோட்டைப் பார்த்தாவது சத்தம் வந்துவிட்டது என்று தெரியும். இங்கே கோடும் இல்லை, பொத்தானைத் தட்டும் விரலும் கண்ணில் படவில்லை. பம்பு என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்து வைத்திருந்தார். தலையைக் கொஞ்சம் சாய்த்து, பாம்புச்செவியின் பழைய தோரணையில் கண்ணை மூடிக்கொண்டார். காத்திருந்தார். நேரம் போயிற்று. கண்ணைத் திறந்தார்.

"போடுங்க," என்றார்.

அதிகாரியின் கையில் பாதி கடித்த பிஸ்கட் அப்படியே நின்றது. கம்ப்யூட்டர்காரர் தரையைப் பார்த்தார்.

"போட்டு முடிச்சாச்சு சார்," என்றார் தலைவி மெதுவாக.

அடுத்துப் பேசியது இரண்டாம் காதுதான். ஸ்பீக்கர் சரியில்லை மேடம், சார் உட்கார்ந்திருக்கும் பக்கம் சத்தம் வரவில்லை என்று அவசரமாகச் சொல்லிக்கொண்டே எழுந்து ஸ்பீக்கரைத் திருப்பி வைக்கப் போனாள். அவருக்காக அவள் பொய் சொல்கிறாள். எவளுடைய வேலையைத் தன் வெட்கத்துக்கு விலையாகக் கொடுத்தாரோ, அவள்.

அவருக்கு முகம் சுண்டிப்போனது.

"ஸ்பீக்கர் நல்லாத்தான்மா இருக்கு. எனக்குத்தான் கேக்கல. உனக்குக் கேட்டதெல்லாம் இருந்ததுதான்."

அதிகாரி பிஸ்கட்டைத் தட்டில் வைத்தார். டால்பின் மாதிரிதான் இருந்தது என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். எவ்வளவு நாளா சார் இப்படி என்று தலைவி கேட்டார். இப்பத்தான், இந்த வருஷம்தான் என்று பதில் வந்தது. மானம் முழுக்கப் போன பிறகும் ஒரு துண்டை அவர் கைக்குள் மறைத்து வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து முன்னறையில், தைத்து முடித்த துணிக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி மெஷினை நிறுத்தவில்லை. அதிர்ச்சி அடைந்ததாகவும் தெரியவில்லை.

"எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"ஊசி மழுங்கினா நீங்க சொல்லுவீங்க. சொல்றது நின்னுபோச்சு. நானே மாத்திக்கிட்டேன்."

எப்போதிலிருந்து என்று கேட்டார். கடைக்குப் புது போர்டு மாட்டினோமே, அதற்கும் முன்னாடி என்றார் மனைவி. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, பாம்புச்செவிக்காரர்கிட்ட போய்ச் செவிடுன்னு எந்த வாயால சொல்றது என்று நூலைக் கடித்தார். கிண்டலாகத்தான் சொன்னார். அவரால் சிரிக்க முடியவில்லை. அந்த போர்டு வெயிலில் வெளுத்து, எழுத்தே மங்கிப்போயிருந்தது.

மறுநாள் காலை தலைவியின் அறைக்குப் போய், நேற்று சொன்னது பொய் என்றார். எந்தெந்த வருஷத்து மதிப்பீடுகளில் தன் காது கேட்கவில்லையோ அவற்றையெல்லாம் சொன்னார். நண்பரின் காதையும் நம்ப முடியாது என்று சொன்னபோது குரல் உடைந்தது. தலைவி திட்டியிருந்தால் அவருக்குப் பாரம் இறங்கியிருக்கும். தலைவி தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார்.

கடற்படைக்குத் தகவல் போனது. பதில் மரியாதையாகவே வந்தது. இந்தப் பருவத்துக்கான அனுமதி போன மதிப்பீட்டின்மேல் ஏற்கெனவே கொடுத்தாயிற்று, கப்பல்கள் கிளம்பிவிட்டன. திருத்தங்கள் அடுத்த ஆண்டுக்குக் கருத்தில் கொள்ளப்படும்.

அவளை நிரந்தரமாக்கி முதல் காது நாற்காலியில் உட்கார வைத்தார்கள். புதிய இரண்டாம் காதை அமர்த்தும்வரை பழைய பதிவுகளை அவள் திரும்பக் கேட்க வேண்டும். இவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. அவளுக்குத் துண்டுகளைப் போட்டுக் காட்டவும், அவள் சொல்வதைக் குறிக்கவும் பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். அலுவலகத்தில் இப்போது யாரும் அவரைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதுவே அவருக்குச் சுருக்கென்றிருக்கும்.

வேலை எளிதுதான். அவர் பொத்தானைத் தட்டுவார். சத்தம் இருந்தால் அவள் ஆள்காட்டி விரலைத் தூக்குவாள். அவர் இல்லை என்று தள்ளிய துண்டுகளுக்கெல்லாம் அந்த விரல் எழுந்தது. ஒன்றுக்கு விரலைத் தூக்கிவிட்டு, குட்டியும் கூட இருக்கு சார், சீழ்க்கை சின்னதா ரெண்டு தடவை வருது என்று அவளையறியாமல் சொல்லிவிட்டாள். பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவரைப் பார்த்தாள். அவர் குறித்துக்கொண்டிருந்தார். போனவை போய்விட்டன, இந்தப் பருவத்தின் பதிவு வந்தால், அதிலாவது தான் சொன்னது பொய்த்துப்போகாமல் இருக்க வேண்டுமே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தார். பாதிப்பு குறைவு என்று எழுதியிருந்தாரே, அது எப்படியாவது உண்மையாக இருந்துவிட வேண்டும்.

பயிற்சி முடிந்து மைக்குகளை எடுத்து வந்தார்கள். பயிற்சிக்கு முந்தைய நாட்களின் துண்டுகளை முதலில் போட்டார். அவள் விரல் கீழே இறங்கவே நேரமில்லை. கடல் அவ்வளவு நிறைந்திருந்தது. பிறகு சோனார் வந்தது. அது அவருக்கும் கேட்டது. தாழ்ந்த சுருதி, அவர் காதுக்கு எட்டுகிற சத்தம். நீளமாக ஒன்று, சிறு இடைவெளி, மறுபடி நீளமாக. மேசைமேல் இருந்த டம்ளரை அவர் தன்னையறியாமல் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிந்தைய நாட்களுக்குக் கம்ப்யூட்டர் வெட்டிக் கொடுத்தது கொஞ்சம்தான். ஒன்றொன்றாகப் போட்டார். ஒவ்வொன்றுக்கும் அவள் கையைப் பார்த்தார். விரல் மேசையிலேயே கிடந்தது. துண்டுகள் தீர்ந்ததும், வெட்டாத முழுப் பதிவையே ஓடவிட்டார். அவள் ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு குனிந்து உட்கார்ந்தாள். அவர் தன்னுடையதையும் மாட்டிக்கொண்டார். தண்ணீரின் இரைச்சல் மட்டும் வந்தது.

"ஏதாவது கேக்குதாம்மா?"

அவள் தலையை ஆட்டினாள். இல்லை என்று.

அவர் குறிப்புத் தாளின் கட்டத்தில் எதையும் குறிக்கவில்லை. பொத்தானின்மேல் கையை வைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை போடட்டுமா?" என்று கேட்டார்.